வாய் பேசும்போதே சொல்லி வையுங்கள்

யாக்கோபு மரணம் நெருங்கியபோது யோசேப்பை அழைத்து, தன்னை எகிப்தில் அடக்கம்பண்ணக் கூடாதென்று ஆணையிட வைத்தான் (ஆதி. 47:29-31). அது அவிசுவாசமா? இல்லை, பிள்ளைகளுக்குச் செய்த உபகாரம்.

இன்று ஐ.சி.யூ. வாசலில் நடப்பதென்ன? வென்டிலேட்டரைத் தொடரலாமா என்று டாக்டர் கேட்கிறார். மூத்தவன் ஒன்று சொல்றான், இளையவள் வேறொன்று சொல்றா. அப்பாவின் மனசு யாருக்கும் தெரியல.

இதற்கு நம் நாட்டில் சட்டப்படி வழியுண்டு. உச்சநீதிமன்றம் 2018-ல் அனுமதித்து, 2023-ல் முறையை எளிதாக்கியது. கவனியுங்கள்:

1. 18 வயது நிரம்பியவர், தெளிந்த புத்தியோடு, சுயவிருப்பமாய் எழுதவேண்டும்.

2. குணமாக வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம், உங்களுக்காகப் பேச வேண்டியவர் யார் என்று தெளிவாய்க் குறிப்பிடுங்கள்.

3. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ அத்தாட்சி பெறுங்கள்.

4. மனம் மாறினால் எழுத்துமூலம் எப்போதும் ரத்து செய்யலாம்.

எழுதிவிட்டால் டாக்டர் உடனே கைவிட்டுவிடுவாரோ என்று பயப்படாதீர்கள். இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சிகிச்சையை நிறுத்துவார்கள்.

ஆகவே, எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். பிள்ளைகளிடமும் குடும்ப டாக்டரிடமும் ஒவ்வொரு நகல் கொடுங்கள். இந்த வாரமே வீட்டாரை உட்காரவைத்துப் பேசுங்கள்.