தொலைக்காட்சி ஸ்டூடியோவில் மாணவர் கற்பவை

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. கோலாலம்பூர் அம்பாங் சாலையிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபமே அப்போது அதன் நிலையமாக விளங்கியது. 1969ஆம் ஆண்டில் அது அங்காசாபுரிக்கு இடம் மாறிற்று. 1978ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணப் படம் வந்தது. ஒரு வீட்டுப் பெட்டியின் முன் பல வீட்டார் கூடியமர்ந்த காலத்தை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள்.

ராசா வட்டாரத்தில் ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. அத்தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, தொடர்பியல் துறை என்றதும் பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். “தொலைக்காட்சியில் முகம் காட்டவா இத்தனை ஆண்டு படிப்பு?” என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1970களிலேயே இடம்பெற்றுவிட்ட இப்படிப்பில், ஸ்டூடியோப் பயிற்சி என்பது பெரும்பாலும் முகம் காட்டாதவர்களின் வேலையைப் பற்றியதாகும். அதனை ஒரு பாடத்தின் வாயிலாகக் காண்போம்.

பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரை ஐந்து நிமிடம் பேட்டி காணவேண்டும் என மாணவர் குழுவுக்குப் பயிற்சி தரப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் என்பது 300 நொடி. நொடிக்கு 25 படம் என்ற கணக்கில் 7,500 படங்கள். இவற்றுள் எது முதலில், எது பின்னர் என்பதைக் கேமராவைத் தொடுவதற்கு முன்பே தாளில் எழுதிவிடவேண்டும். தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காணும் படத்தையும் வலப்பக்கம் கேட்கும் ஒலியையும் குறிப்பது வழக்கம். பெரட்டில் ஆள் பிரித்த பின்னரே நிரைக்குச் செல்வதைப் போன்றதுதான் இது. தாள் சரியில்லாவிட்டால் விலையுயர்ந்த கேமராவும் உதவாது.

ஸ்டூடியோவில் மூன்று கேமராக்கள் நிற்கும். நடுக் கேமரா இருவரையும் சேர்த்துக் காட்டும். இடப்புறக் கேமரா வலப்புறம் அமர்ந்தவரையும், வலப்புறக் கேமரா இடப்புறம் அமர்ந்தவரையும் குறுக்காக நோக்கும். இருவருக்குமிடையே ஒரு கோடு இருப்பதாக எண்ணி, மூன்று கேமராக்களையும் அக்கோட்டின் ஒரே பக்கத்தில் நிறுத்தவேண்டும். ஒன்று மறுபக்கம் சென்றுவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் தோன்றும். எதிரெதிரே அமர்ந்து பேசுகின்றனர் என்பதே புலப்படாது.

இனி விளக்கு. இப்பாடத்தில்தான் நம் மாணவர் மிகுந்த கவனம் செலுத்தவேண்டும் என்பது நமது கருத்து. முதன்மை விளக்கு முன்புறம் சற்றுப் பக்கவாட்டில், தலைக்கு மேலிருந்து ஒளி தரும். மறுபக்கத்து விளக்கு அதனால் விழும் நிழலைத் தணிக்கும். பின்விளக்கு தலையையும் தோளையும் பின்திரையிலிருந்து பிரித்துக்காட்டும். நம் முதியவர் சலவை வெள்ளைச் சட்டையில் வருவார்; வெயிலில் உழைத்த முகமோ கருமையானது. கண் காணும் ஒளி வேற்றுமை முழுவதையும் கேமரா ஒருசேர ஏற்பதில்லை. சட்டைக்கு ஏற்ப அளவை வைத்தால் முகம் இருண்டுவிடும். முகத்திற்கு ஏற்ப வைத்தால் சட்டை வெளிறிப் பாழாகும். இளமஞ்சள் நிறச் சட்டை அணிந்துவருமாறு முன்கூட்டியே பணிவுடன் சொல்லலாம். வெள்ளையில்தான் வருவேன் என்றால், சட்டைமீது விழும் ஒளியைத் தடுத்துக் குறைத்து, முகத்தை அளவாகக் கொள்ளவேண்டும். பக்கவாட்டிலிருந்து மென்மையாகப் படரும் ஒளி கருநிற முகத்தின் நெற்றியையும் கன்னத்தையும் அழகுற எடுத்துக்காட்டும். இதை அறியாதவர் விளக்கு வைத்தால், திரையில் பெரியவருக்குச் சட்டை மட்டுமே இருக்கும்!

ஒலிவாங்கியைத் தாடைக்குக் கீழே ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில், தோள்துண்டு உரசாத இடத்தில் பொருத்தவேண்டும்.

கட்டுப்பாட்டறையில் இயக்குநர் அமர்ந்து திரைகளைப் பார்த்தவாறே ஆணையிடுவார். அருகிலிருப்பவர் விசையை அழுத்தப் படம் மாறும். அவரது குரல் கேமராக்காரர்களுக்கும் தளப் பொறுப்பாளருக்கும் செவிக்கருவியில் கேட்கும். முதியவர் மங்கு, ஒட்டுப்பால் என்று பேசிவரும்போது வெட்டுக்கோட்டின் சரிவைக் காட்டக் கையை உயர்த்துவார். அந்தக் கையைக் காட்டவேண்டிய கேமரா, கை எழுவதற்கு ஒரு நொடி முன்னரே ஆயத்தமாகியிருக்கவேண்டும். பேச்சு எங்கே செல்கிறது என்பதை உணர்ந்த இயக்குநரால்தான் அவ்வாறு முந்திக்கொண்டு சொல்ல இயலும். தமிழறியாதவர் எத்துணைத் திறமை வாய்ந்தவராயினும், கை இறங்கிய பின்னரே அதைத் தேடுவார். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை அந்த இருக்கையில் அமர்வதால் விளையும் பயன் இதுவே.

தளப் பொறுப்பாளர் எஞ்சிய நிமிடங்களை விரல்களால் காட்டுவார். அரை நிமிடம் எஞ்சும்போது முன்கைகளைக் குறுக்காக வைப்பார். முடிக்கும் நேரத்தில் கழுத்தில் கையை இழுத்துக் காட்டுவதும் உண்டு. அதைக் கண்டு நம் பெரியவர் திடுக்கிடாதிருக்க, சைகையெல்லாம் பேட்டி காண்பவருக்கே உரியவை என்று முன்னதாகவே விளக்கிவிடுவது நன்று.

மாணவர்கள் ஒரே இருக்கையில் நிலைத்திருப்பதில்லை. இன்று கேமரா பிடித்தவர் அடுத்த வாரம் கடிகாரம் பார்ப்பார், அதற்கடுத்த வாரம் விளக்கேற்றுவார். கடிகாரம் பார்ப்பது எளிதன்று. முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, இறுதி வாழ்த்துரைக்கு 20 நொடி வேண்டுமெனில், 280ஆம் நொடியில் கடைசி விடை முடிந்தாகவேண்டும் என்று அறிவிக்கவேண்டும்.

இத்துறையை நாடும் எஸ்.டி.பி.எம். மாணவர்கள் இப்பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். இரண்டு கைப்பேசிகள் போதும். பாட்டனாரையோ பாட்டியாரையோ சன்னலுக்குப் பக்கவாட்டில் அமர்த்தி, ஒன்றை முகத்திற்கும் மற்றொன்றைக் கைகளுக்கும் வையுங்கள். கேள்விகளை முன்பே தாளில் எழுதி, 300 நொடிக்குள் முடியுங்கள். பின்னர் இரண்டு பதிவுகளையும் ஒன்றாக ஓடவிட்டு, கைகளுக்கு மாறவேண்டிய நொடிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.