கல்விக்கு ஓர் உபயம்



விஜயதசமியன்று எமது ஆலயத்தில் ஏடு தொடக்கும்போது ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று ஐயர் வேறுபாடு பார்ப்பதில்லை. அரிசியில் கைபிடித்து எழுதுவித்த அப்பிள்ளைகளுள் யார் எத்தனையாம் வகுப்பு வரை போனார் என்று பார்க்கும்போதுதான் வேறுபாடு தெரியவரும். இம்முறைப் பாடத்துக்கு வித்தியாதானத்தை, அதிலும் ஊரிலுள்ள வறிய பெண்பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவதை எடுத்துக்கொள்கிறோம். நாம் தொழிலால் கணக்காளர். ஆகவே சமயத்தோடு கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்தருள்க.

யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர். மிஷனரிமார் உணவு கொடுத்தனர், உடை கொடுத்தனர், படித்து முடித்துத் திருமணமாகும் பெண்ணுக்குச் சிறு சீதனமும் கொடுத்தனர். சமயம் மாற்றும் நோக்கம் அதில் இருந்தது உண்மையே. ஆயினும் பெற்றோரின் மனக்கணக்கை அவர்கள் சரியாக வாசித்திருந்தார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்காக விடுதியுடன் கூடிய இராமநாதன் கல்லூரியை நிறுவியது 1913இல். இடையே ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகள்!

பின்னாளில் தெல்லிப்பழை துர்க்கை அம்மன் ஆலயத்தை நிர்வகித்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரை எம்மிற் பலர் நேரிலே கண்டும், அவர்தம் சொற்பொழிவைக் கேட்டும் இருக்கிறோம். 2008இல் இறைவனடி சேர்ந்த அவர் முன்னர் ஆசிரியை. ஆலயத்தை வளர்த்த அதே கையால் ஆதரவற்ற பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தையும் அமைத்தார். அடியார் கொடுத்த பணம் கோபுரத்தோடு நின்றுவிடவில்லை.

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம்தானே, பிறகு எதற்குப் பணம் என்று சிலர் கேட்பர். பாடநூலும் இலவசம், சீருடைத் துணியும் இலவசம் என்பது சரி. ஆனால் கிராமத்துப் பாடசாலைகளிற் பல பதினோராம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் படிக்க வேண்டுமானால் 1ஏபி தரப் பாடசாலைக்குப் போக வேண்டும். அது பெரும்பாலும் பட்டினத்தில் இருக்கும். ஆண்பிள்ளை சைக்கிளில் ஏறிப் போய்விடுவான். பெண்பிள்ளைக்குத் தூரமே தடை. இருட்டுமுன் வீடு சேர வேண்டும், பேருந்து கிடைக்க வேண்டும், ஊர்வாய்க்கும் பயப்பட வேண்டும்.

இதை நாம் நூலிற் படித்து அறியவில்லை; பிழைவிட்டு அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் கூரிலுள்ள நான்கு குடும்பங்கள் சேர்ந்து, போரில் தகப்பனை இழந்த வன்னிச் சிறுமி ஒருத்திக்கு மாதம் ஐம்பது பிராங் அனுப்பி வந்தோம். உண்டியல் மூலம்தான். (கோவில் உண்டியலைச் சொல்லவில்லை, மற்றதை!) பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாண்டு கழித்து ஊருக்குப் போன ஒருவர் விசாரித்தபோது, பிள்ளை சாதாரணதரத்தோடு நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது என்று தெரிந்தது. பெறுபேறு நல்லது. உயர்தரப் பாடசாலை பதினான்கு கிலோமீற்றர் அப்பால். தாய் எம் பணத்திற் பெரும்பகுதியைச் செலவழிக்காமல் வைத்திருந்தார், மகளின் சீதனத்துக்காக.

குழுவில் ஒருவருக்குக் கடும் கோபம். எமக்கோ அந்தத் தாயின்மீது கோபம் வரவில்லை. அவர் ஒரு சதமும் வீணாக்கவில்லை. கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் மூன்றாண்டும் பற்றுச்சீட்டை மட்டும் கோவைப்படுத்தி வைத்தோம். பிள்ளை எந்த வகுப்பு, எப்படிப் போய்வருகிறாள் என்று ஒரு தரமேனும் கேட்கவில்லை. விடுதிக் கட்டணம் என்று குறித்து அனுப்பியிருந்தால் அவள் இன்று பல்கலைக்கழகம் போயிருக்கக்கூடும்.

வறுமையின் இந்தக் கணக்கு எமக்கு மட்டும் உரியதன்று. நாம் வாழும் இதே கிறவுபுண்டன் மாநிலத்து மலைக்கிராமங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசந்தந்தோறும் சிறுவர் சிறுமியர் தெற்கு ஜேர்மனிக்கு நடந்தே கூலிவேலைக்குப் போனார்கள். பையன்கள் மாடு மேய்த்தனர். சிறுமியர் வீட்டு வேலை செய்தனர், பிள்ளை பார்த்தனர். இலையுதிர்காலத்தில் புது உடையும் சிறிது பணமும் கொண்டு திரும்பினர். வீட்டில் ஒரு வாய் குறைந்தது, பள்ளிக்கூடமும் குறைந்தது. 1921இல் வூர்ட்டம்பேர்க்கில் கட்டாயக் கல்வி அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கப்பட்ட பின்னரே அவ்வழக்கம் ஓய்ந்தது. 'ஷ்வாபன்கிண்டர்' என்று இங்குள்ள ஆசிரியரிடம் உங்கள் பிள்ளைகள் கேட்டால் சொல்லித் தருவார்.

அடிக்கடி கேட்கப்படும் வரி விடயத்தையும் சொல்லிவிடுகிறோம். பொதுநலத் தொண்டுக்காக வரிவிலக்குப் பெற்ற சுவிஸ் நிறுவனத்துக்கு ஆண்டில் குறைந்தது 100 பிராங் கொடுத்தால், கூட்டாட்சி வரியில் நிகர வருமானத்தின் 20 வீதம் வரை கழித்துக்கொள்ளலாம். ஊரில் ஒரு குடும்பத்துக்கு நேரே அனுப்பும் பணம் இந்த நன்கொடைக் கழிவில் அடங்காது. வழிபாட்டுக்கு மட்டுமான சங்கத்துக்குக் கொடுப்பதும் அவ்வாறே. வரி குறையும் என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் பின்னர் எம்மைக் கோபிக்க வேண்டாம்.

எமது குழு இப்போது இரண்டு பெண்பிள்ளைகளை மட்டும் ஏற்றிருக்கிறது. இருவரும் உயர்தரம் முதலாம் வருடம். ஒருத்திக்கு விடுதிக் கட்டணம் நேரே விடுதிக்குப் போகிறது. மற்றவள் சைக்கிள் கேட்டாள், வாங்கிக் கொடுத்தோம். மழைக்காலத்தில் பாதை வெள்ளத்தில் மூழ்கும் நாட்களுக்கு முச்சக்கரவண்டிச் செலவையும் சேர்த்துள்ளோம். தவணை தோறும் தேர்ச்சி அறிக்கையின் பிரதி வரும். தாய்மாருடன் மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசும் பொறுப்பை எம் குழுவின் பெண்கள் ஏற்றிருக்கிறார்கள். சீதனக் கதையும் அங்கேதான் பேசப்படுகிறது. ஆண்கள் பேசினால் தாய்மார் "ஓம்" என்று மட்டும் சொல்வார்கள்.

வரவு செலவு விபரம் வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின், சப்பாத்து வைக்கும் தட்டுக்கு மேலுள்ள பலகையில் ஒட்டப்படும். பிள்ளைகளின் பெயரும் படமும் அதில் இரா. பிழை கண்டால் எம்மிடம் நேரே கூறுங்கள்.