முதுமையும் விளையாட்டும்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் கோலமிட்டுக் கொண்டிருந்த என் பாட்டி சற்றே தடுமாறினார். "விழுந்துவிடுவீர்கள் பாட்டி, இனிமேல் சும்மா உட்கார்ந்திருங்கள்" என்று கோலப்பொடிக் கிண்ணத்தை வாங்கி வைத்தேன். அன்பினால் செய்த அச்செயல் அறிவுக்கு ஒத்ததுதானா? நண்பர்களே, சிறிது ஆராய்வோம்.

நிற்பது எளிய செயல் அன்று. கண்ணும் உட்செவியும் தசை மூட்டுகளும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டே மூளை உடலை நிமிர்த்தி வைக்கிறது. முதுமையில் இவை தளர்கின்றன. பயன்படாத தசையோ இன்னும் விரைவில் மெலிகிறது. ஆகவே, உட்கார வைப்பதனால் வீழ்ச்சி விலகுவதில்லை, நெருங்கி வருகிறது. 65 வயதினரும் மேற்பட்டோரும் வாரத்தில் 3 நாளேனும் சமநிலைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது.

பயிற்சி என்றால் சலிப்பு வரும். விளையாட்டு என்றால் வராது. 2007-இல் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 'வீ ஃபிட்' என்னும் விளையாட்டை ஒரு பலகையுடன் வெளியிட்டது. பலகையின் நான்கு மூலைகளிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் உண்டு. ஏறி நிற்பவர் சாய்ந்தால், அச்சாய்வு உடனே திரையில் தெரியும். தம் தடுமாற்றத்தைத் தாமே கண்டு திருத்திக் கொள்ளலாம். இல்லங்களுக்காகச் செய்த இப்பலகையை முதியோரின் சமநிலைப் பயிற்சிக்கும் ஆராய்ச்சியாளர் பயன்படுத்தினர்.

கலையின் பயன் யாது? நியூயார்க்கில் 75 வயது கடந்த 469 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டோரிடையே மறதிநோய் குறைவாகக் காணப்பட்டது. ஆயினும், நடனம் நோயைத் தடுத்ததா, நோயின் தொடக்கமே சிலரை நடனத்தினின்று விலக்கியதா என்று கேட்பது அறிவியல் மாணவர் கடமை. இரண்டு சேர்ந்து நிகழ்வதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

கோலம் நோய் தீர்க்கும் மருந்து என்று நான் கூறவில்லை. ஆனால் குனிந்து நிமிர்தலும், புள்ளிக் கணக்கும், கைத்திறனும், மகிழ்ச்சியும் அதில் ஒருங்கே இருக்கின்றன. அத்தனையையும் ஒரு கிண்ணத்தோடு நான் பறித்துவிட்டேன்!

அடுத்த விடுமுறையில் கிண்ணத்தைப் பாட்டியிடமே கொடுத்துவிட்டு, கை எட்டும் தொலைவில் நிற்பேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அவ்வாறே துணைநில்லுங்கள்.