குட்டிப் பிள்ளைகளோடு வெளியே போக, வீட்டில் விளையாட: 11 குறிப்புகள்

கோடை விடுமுறை விட்டால் போதும், "பிள்ளையை எங்கே கூட்டிப் போவது?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு கிளம்பிவிடும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் விலை தெரியாது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கே கூட்டிப் போனாலும் புலியை விட்டுவிட்டு, கம்பியோரம் போகும் எறும்பு வரிசை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடும். உட்காரட்டும், அதற்குத்தானே வந்தோம். சென்னையை மனதில் வைத்து எழுதியது இது. மற்ற ஊர்க்காரர்கள் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

1. ஒரு நாளைக்கு ஒரே இடம், அதுவும் அரைகுறையாக. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சுமார் 602 ஹெக்டேர். முழுக்கச் சுற்றிக் காட்டியே தீருவேன் என்று கிளம்பினால் பாதி வழியில் பிள்ளை உங்கள் இடுப்பில்தான் இருக்கும். இரண்டு மூன்று விலங்குகளை முதலிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மீதிக்குப் பேட்டரி வண்டி இருக்கிறது. இரண்டு வயதுக்காரருக்குக் கிண்டி சிறுவர் பூங்காவே தாராளம், பக்கத்திலேயே பாம்புப் பண்ணையும் உண்டு. செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கு விடுமுறை. அன்றைக்குப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்து அழும் குழந்தையைச் சமாதானம் செய்வது பெரும்பாடு.

2. ரயில் எங்கே போகிறது என்பது முக்கியமில்லை, ஏறினால் போதும். மெட்ரோவில் 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஆலந்தூரில் ஏறி, விமான நிலையம் வரை போய்த் திரும்புங்கள். மேம்பாலத்தில் ஓடும் பாதை என்பதால் ஜன்னலில் ஊரே தெரியும். தானாகத் திறக்கும் கதவு, நகரும் படிக்கட்டு, டிக்கெட்டை வைத்ததும் விலகும் தடுப்பு எல்லாம் அவர்களுக்கு வேடிக்கைதான். நகரும் படிக்கட்டில் மட்டும் தூக்கிக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பின் நுனி இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

3. வெயில் காலத்தில் பத்து மணிக்குள் வீடு திரும்பும்படி கிளம்புங்கள். பூங்காவில் சறுக்கு மரம் தகரத்தால் ஆனதென்றால், பிள்ளையை ஏற்றுமுன் உங்கள் புறங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவர்கள் தொடை வெந்துவிடும்.

4. காய்கறிக் கடைக்கும் கூட்டிப் போகலாம். கையில் ஒரு பத்து ரூபாய் நாணயம், தோளில் ஒரு குட்டித் துணிப்பை. கொத்தமல்லிக் கட்டை அவர்களே எடுத்து, முகர்ந்து பார்த்து, காசைக் கொடுத்து வாங்கட்டும். கடைக்காரம்மா கொசுறாகக் கொடுக்கும் இரண்டு பச்சை மிளகாயை மட்டும் உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

5. விளையாட்டு மாவை விலை கொடுத்து வாங்க வேண்டாம். ஒரு டம்ளர் மைதா, அரை டம்ளர் தூள் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசையுங்கள். மஞ்சள் தூள் போட்டால் மஞ்சள், பீட்ரூட் சாறு விட்டால் ரோஸ். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மாவு, வெடித்து உதிர்ந்தால் ஒரு சொட்டு எண்ணெய். மூடிபோட்ட டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும். இதற்குச் சரியான துணை, பரணில் கிடக்கும் பழைய முறுக்கு அச்சுதான். ஒற்றை நட்சத்திர வில்லையைப் போட்டு நீங்கள் அழுத்துங்கள்; கீழே இறங்கும் நீள முறுக்கை அவர்கள் இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றட்டும். வளைந்து நெளிந்துதான் வரும், திருத்தப் போகாதீர்கள். உப்பு அதிகம் என்பதால் இந்த மாவை அள்ளித் தின்ன விடக் கூடாது. எதையும் வாயில் போடும் வயதென்றால் உப்பில்லாத சப்பாத்தி மாவே போதும்.

6. வெண்டைக்காய் நறுக்கும்போது காம்புப் பக்கத்தை எறியாதீர்கள். வெட்டிய முகத்தை நீர்க்கக் கரைத்த அரிசி மாவில் தொட்டு, கறுப்புச் சார்ட் அட்டையில் ஒற்றினால் ஐந்து மூலைப் பூ விழும். காம்பே கைப்பிடி. அட்டை இல்லையா, வாசல் தரையிலேயே ஒற்றட்டும். மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொள்ளும்.

7. குளிக்குமுன் கால் மணி நேரம் தண்ணீர் விளையாட்டு. ஓர் அகலப் பேசின், இரண்டு டம்ளர், ஒரு புனல், ஒரு டீ வடிகட்டி போதும். ஊற்றுவதும் நிரப்புவதுமாக நேரம் போவதே தெரியாது. ஆனால் போன் அடித்தாலும் நகரக் கூடாது. சில அங்குலத் தண்ணீரிலேயே சிறு குழந்தை மூழ்கிவிடும், சத்தம்கூட வராது. முடிந்ததும் பேசினையும் பக்கெட்டையும் கவிழ்த்து வையுங்கள்.

8. பூவரச இலை கிடைத்தால் விடாதீர்கள். குழல்போலச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கி ஊதினால் பீப்பி. மூன்று வயது வரை எச்சில்தான் வரும், நாலு வயதில் சத்தம் வந்துவிடும். தென்னை ஓலையில் கைக்கடிகாரமும் காற்றாடியும் செய்யத் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். அவர்கள் கை மறந்திருக்காது.

9. கண்ணுள்ள பாதிக் கொட்டாங்குச்சியில், மெல்லிய கண்ணைக் கம்பியால் குத்தினால் தண்ணீர் வடிய ஓட்டை தயார். மண் நிரப்பி, ஊறவைத்த வெந்தயத்தைப் பிள்ளையே தூவட்டும். இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். மாங்கொட்டை முளைக்கும் வரை காத்திருக்க இந்த வயதுக்குப் பொறுமை ஏது? தினம் இலையைப் பிடுங்கிப் பார்ப்பார்கள், அதனால் இரண்டு கொட்டாங்குச்சியாகப் போட்டு வையுங்கள்.

10. மூன்று வயதுக்குள் என்றால் புளியங்கொட்டை, சோழி, பட்டன் எதுவும் விளையாட வேண்டாம்; பல்லாங்குழி பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடைந்த பலூன் துண்டை உடனே பொறுக்கிவிடுங்கள். வெளியே தின்னக் கொடுக்கும் திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள், முழு வேர்க்கடலை கூடாது. திருவிழாவிலும் கடற்கரையிலும் விற்கும் மின்னும் பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியிருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் எவ்வளவு அழுதாலும் வேண்டாம். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

11. கடற்கரைக்கு விடியற்காலைதான் நல்லது. பெசன்ட் நகரோ மெரினாவோ, அலைக்கு எட்டாத ஈர மணலில் உட்காருங்கள். வீட்டு டம்ளரும் கொட்டாங்குச்சியும் கொண்டுபோனால் மணலில் இட்லி வார்க்கலாம். உட்காருமுன் கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று காலால் துழாவாமல் கண்ணால் பாருங்கள். அலையில் கால் நனைக்கும்போது விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். ஈர விரல் வழுக்கும். காணும் பொங்கல் அன்று மெரினாவில் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீசாரே கட்டிவிடுகிறார்கள். மற்ற நாட்களில் அதை நாம்தான் செய்ய வேண்டும். உள்ளங்கையில் பேனாவால் எழுதினால் வியர்வையிலும் மணலிலும் அழிந்துவிடும். சட்டையின் உள்பக்கம், கழுத்துப் பட்டியில், மார்க்கரால் எழுதுங்கள்.