சவர்க்கார மூலக்கூறும் திண்மப் பரப்பும்

சவர்க்காரம் அழுக்கை எங்ஙனம் அகற்றுகின்றது என வினவின், நீரின் பரப்பிழுவிசையைக் குறைப்பதனால் என்பர் மாணவர். அவ்விடை பிழையன்று; ஆயின் நிறைவுடையதுமன்று. நீரினுள் உள்ள திண்மப் பரப்பை அடையும் மூலக்கூறுகள் அங்கே எங்ஙனம் அணிவகுக்கின்றன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சவர்க்காரமும் அதன் இனப் பொருள்களும் இருவேறு இயல்புடைய மூலக்கூறுகளாலானவை. மூலக்கூற்றின் தலை நீரை நாடும். நீண்ட காபன் சங்கிலியாகிய வால் நீரை வெறுக்கும். ஆதலின் செறிவு ஓர் எல்லையைக் கடந்ததும், வால்கள் உள்ளும் தலைகள் புறமுமாகத் திரள்கள் தோன்றும். இத்திரளை மிசெல் என்பர்.

திண்மப் பரப்பிலே நிகழ்வதைப் புறத்துறிஞ்சல் என்கிறோம். உறிஞ்சப்பட்ட பொருள் உட்புகும். புறத்துறிஞ்சப்பட்டது புறத்தேயே தங்கும். சொல்லே பொருளை விளக்குதல் காண்க. குவாட்சின் மீது தங்கும் மூலக்கூறுகள், நீரில் மிசெல் தோன்றுதற்குரிய செறிவுக்கு முன்னரே வாலோடு வால் கூடித் திரளும் எனக் கோடின், பியூர்ஸ்தெனோ என்பார் 1955இல் உரைத்தனர். ஆயினும் அவை பாய் விரித்தாற்போலத் தட்டையான படைகளாய் அமையும் என்றே நெடுங்காலம் படம் வரையப்பட்டு வந்தது.

1986இல் அணுவிசை நுணுக்குக்காட்டி தோன்றியது. மன்னே, கௌப் முதலியோர் 1994, 1995ஆம் ஆண்டுகளில் அதன் ஊசிமுனையைப் பரப்பின்மேல் மெல்லச் செலுத்தி ஆராய்ந்தனர். 14 காபன் அணு கொண்ட வாலும் நேரேற்றத் தலையும் உடைய ஒரே மூலக்கூறு, மூன்று பரப்புகளில் மூன்று வடிவு கொண்டது.

1. காரீயம்: இது நீரை நாடாதது. வால்கள் அதன் அணுநிரையை ஒட்டிப் படுக்கின்றன. அவற்றின்மீது அரையுருளைகள் நிரைநிரையாய் எழுகின்றன.

2. மைக்கா: இதன் பரப்பில் எதிரேற்றங்கள் நெருங்கியுள்ளன. அவை தலைகளை ஈர்த்து நெருக்குதலின், முழு உருளைகள் வளைந்து வளைந்து கிடக்கின்றன.

3. சிலிக்கா: இதில் ஒழுங்கான அணுநிரை இல்லை, எதிரேற்றங்களும் ஐதாகவே உள்ளன. தலைகள் விலகி நிற்றலின் கோளங்கள் தோன்றுகின்றன.

எனவே, வடிவை வகுப்பது மூலக்கூறு மட்டுமன்று. அது சென்றடையும் பரப்புமாம். தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிப்போரும் ஆடைக்குச் சாயமூட்டுவோரும் பரப்பறிந்தே பொருள் தேர்தல் வேண்டும்.

மாணவர் மற்றுமொன்றையும் உளங்கொள்க. நூலிற் காணும் மூலக்கூற்றுப் படங்களுட் பல, கண்டு வரைந்தவை அல்ல, கருதி வரைந்தவை. கரும்பலகையில் அவற்றை வரையும்போது அவ்வேறுபாட்டை எடுத்துரைத்தல் ஆசிரியராகிய நமது கடன். தட்டையாய் இருந்த படத்தை மாற்றியது, அதனை நேரிற் கண்டறிய வேண்டும் என்று எழுந்த வேட்கையே. அவ்வேட்கை நம் மாணவரிடத்தும் வளர்வதாக.