எந்த ஸ்குவாட்ரன் என்று கேளுங்கள்

லண்டனில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் கணவரின் தாத்தா பிரிட்டிஷ் ராணுவத்தில், மூன்றாம் காராபினியர்ஸ் ரெஜிமென்ட்டில் டாங்கி வீரராக இருந்தவர். இம்பாலில் சண்டை போட்டார் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தேடுவது?”

ரெஜிமென்ட்டின் பெயர் தெரிந்திருப்பதே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஆனால் அதன் சரித்திரத்தைப் படித்துவிட்டு, அதுவே தாத்தாவின் கதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உதாரணமாக, 1944 ஏப்ரல் 13 அன்று இம்பாலுக்கு அருகிலுள்ள நுன்ஷிகும் மலைமீது இந்த ரெஜிமென்ட்டின் லீ டாங்கிகள் ஏறின. முகடு மிகக் குறுகல். சக்கரச் சங்கிலி விளிம்பைத் தாண்டிவிடாமல் பார்க்க, கமாண்டர்கள் மேல்மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்ட வேண்டியிருந்தது. ஜப்பானியர் அந்தத் தலைகளைக் குறிவைத்தார்கள். உடன்சென்ற அதிகாரிகள் அத்தனை பேரும் செத்தோ காயம்பட்டோ விழ, சார்ஜன்ட் மேஜர் கிராடாக் பொறுப்பேற்றுச் சண்டையை முடித்தார். மேலேறியது ரெஜிமென்ட்டின் ஒரு பிரிவான பி ஸ்குவாட்ரன். தாத்தா வேறு ஸ்குவாட்ரன் என்றால், அன்று அவர் அந்த உச்சியில் இல்லை.

ஆகவே முதலில் அவருடைய பணிப்பதிவேட்டை வரவழையுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்த இந்தக் கோப்புகள் 2022 முதல் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறிவருகின்றன. முழுப் பெயர், பிறந்த தேதி, ராணுவ எண், இறப்புச் சான்றிதழ் நகல் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சம்பளப் புத்தகத்திலோ விடுவிப்புப் புத்தகத்திலோ பார்க்கலாம். பதக்கத்தில் தேடிப் பயனில்லை. இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமல்தான் பிரிட்டன் கொடுத்தது.

கோப்பு வந்ததும் பி.103 என்ற படிவத்தைத் தேடுங்கள். எந்தத் தேதியில் எந்தப் பிரிவு, எந்த ஆஸ்பத்திரி, எப்போது கப்பல் என்று எல்லாம் அதில் ஒரு வரி, இரண்டு வரியாக இருக்கும். ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று கண்டால் பதறாதீர்கள். அபாயக் குரல் அல்ல அது. அந்தப் பிரிவின் கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்று பொருள். ‘டி.ஓ.எஸ்.’ என்றால் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு ரெஜிமென்ட்டின் போர் நாட்குறிப்பைப் படியுங்கள். தென்கிழக்காசியப் போர்முனைக்கு உரியவை கியூவில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் உள்ளன. வாசகர் அட்டை வாங்கிக்கொண்டால் உங்கள் போனிலேயே இலவசமாகப் படமெடுக்கலாம். சாதாரண வீரர் பெயர் அதில் அநேகமாக வராது. அதிகாரிகள் பெயர்தான் வரும். அதனால் தாத்தாவின் ட்ரூப் தலைவர் யாரென்று தெரிந்தால், அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே அவரையும் பின்தொடரலாம்.

காராபினியர்ஸ் 1971இல் ராயல் ஸ்காட்ஸ் கிரேஸுடன் இணைந்து ராயல் ஸ்காட்ஸ் டிரகூன் கார்ட்ஸ் ஆனது. அதன் அருங்காட்சியகம் எடின்பரோ கோட்டையில் இருக்கிறது. அங்கே எழுதிக் கேளுங்கள். டோர்செட்டில் உள்ள போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தின் ஆவணப் பிரிவையும் விடாதீர்கள்.

தொப்பிச் சின்னத்தை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டாம் என்பதை மற்ற வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1941இல் யார்க்‌ஷயர் காலாட்படை பட்டாலியன் ஒன்றை மாற்றித்தான் 149ஆம் டாங்கி ரெஜிமென்ட்டை அமைத்தார்கள். இப்படி மாறியவர்கள் கறுப்பு பெரே தொப்பியிலும் பழைய காலாட்படைச் சின்னத்தையே அணிந்தார்கள்.

கோப்பு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை ஆல்பத்திலுள்ள படங்களை மெதுவாகக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். பென்சிலில் ஒரு பெயரோ, ஓர் ஊரோ, ‘பி’ என்ற ஓரெழுத்தோ இருக்கலாம்.