தலை டோர்ச்சின் வெளிச்சம் காலடியில் விழ

இப்பொழுது லயத்துக்கு லயம் தலையில் மாட்டுகிற எல்.ஈ.டி. டோர்ச் வந்துவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு இறங்குகிறவர்களுக்கும், அந்தியில் கொழுந்து நிறுத்துவிட்டு இருட்டோடு இருட்டாகத் திரும்புகிற நம் பெண்களுக்கும் இரண்டு கையும் சும்மா இருப்பது பெரிய உதவிதான். ஆனால் கடையில் கிடைக்கிற டோர்ச்சுகளில் பல, தூரத்துக்கு அடிப்பதற்கென்றே செய்தவை. எதிர் மலை மரம் தெரியும். காலடியில் உள்ள கல்படி தெரியாது. சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்கிற சின்ன விரியன் சருகு நிறத்தில் சருகுக்குள்ளேயே கிடக்கும். அது கடிப்பது அனேகமாகக் காலில்தான். ஆகவே நமக்கு வேண்டியது கிட்டத்தில் பரவுகிற வெளிச்சம். டோர்ச்சின் உள்ளே இரண்டு சாமானை மாற்றினால் அது கிடைக்கும்.

பெட்டியில் "200 மீற்றர்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கக்கூடாது. முறையாக அளக்கிறவர்கள்கூட, விழுகிற வெளிச்சம் பௌர்ணமி நிலா அளவுக்குக் குறைகிற இடம் வரைக்கும் அந்தத் தூரத்தைக் கணக்கெடுப்பார்கள். போயா இரவில் மலை எவ்வளவு தெரியும் என்று நமக்குத் தெரியாதா! அந்தத் தூரத்தை இரண்டு மடங்காக்க வெளிச்சத்தை நடுவில் நான்கு மடங்கு குவிக்க வேண்டும். அப்படிக் குவித்தால் பக்கத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற வெள்ளிக் கிண்ணம்தான் ரிப்ளெக்டர். அதன் நடுத் துளையில் மஞ்சள் பொட்டு மாதிரித் தெரிவது எல்.ஈ.டி. உண்மையில் அதற்குள் பிறப்பது நீல வெளிச்சம். மேலே பூசிய மஞ்சள் தூள் அதைச் சேர்த்து வெள்ளையாக்குகிறது. அந்த நீல எல்.ஈ.டி.க்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசே கிடைத்தது.

கிண்ணத்தின் உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் வெளிச்சம் நடுவில் ஒரே குத்தாக விழும். தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பாக இருந்தால் கரை மங்கிப் பரவும். ஆழம் குறைந்த கிண்ணத்தில் பக்கத்து வெளிச்சமும் அகலமாகப் போகும். ஒரே கிண்ணத்தில் சின்னப் பொட்டு குவிக்கும், பெரிய பொட்டு பரப்பும். பொட்டின் நிறத்தையும் பாருங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. 4000 சுற்றி இருந்தால் கண்ணுக்கு இதமான வெளிச்சம். சருகு வேறு, பாம்பு வேறு என்று நிறம் பிரிந்து தெரிய, சி.ஆர்.ஐ. என்கிற எண் 90 உள்ளதாகக் கேளுங்கள். மொத்த வெளிச்சம் கொஞ்சம் குறையும். என்னைக் கேட்டால் அது நட்டமில்லை.

காசு செலவழிக்க முன்னே ஒரு சோதனை செய்யலாம். மங்கலான வெள்ளை ஒட்டுநாடாவைக் கண்ணாடி மேல் ஒட்டி ஒரு கிழமை நடந்து பாருங்கள். அதுவே போதுமென்றால் டோர்ச்சைப் பிரிப்பது என்னத்துக்கு?

பிரிப்பதென்றால் முதலில் பெட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். முன் வளையத்தைத் திருகினால் கண்ணாடி, இறப்பர் வளையம், கிண்ணம் மூன்றும் வரும். வந்த வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தொடவோ துணியால் துடைக்கவோ கூடாது. அந்தப் பூச்சு மிக மெல்லியது, துடைத்தால் போய்விடும். கடைக்குப் போகும்போது கழற்றிய சாமானையே கொண்டு போய் அளவு ஒத்துப் பார்ப்பது நல்லது. பொட்டை மட்டும் தனியாக வாங்காதீர்கள். 3.5 அல்லது 5 மில்லிமீற்றர்ச் சதுரத்தை வீட்டில் ஒட்ட முடியாது. வட்டத் தகட்டோடு சேர்ந்ததாக வாங்கினால் இரண்டு வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதும்: சிவப்பு கூட்டல் குறிக்கு, கறுப்பு கழித்தல் குறிக்கு. தகட்டுக்கு அடியில் சூடு கடத்துகிற பசையை மெல்லிதாகப் பூசவேண்டும். சூடு டோர்ச்சின் உடம்புக்கு இறங்காவிட்டால் புது எல்.ஈ.டி. சீக்கிரமே மங்கிவிடும்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். கிண்ணம் அலுமினியமாக இருந்து அதன் அடி அந்த ஈயக் குமிழில் முட்டினால் ஷோட் ஆகும். நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பொட்டைத் துளையின் நடுவில் நிறுத்துவதும் அதுதான். கிண்ணமும் வயரும் ஒட்டவில்லை என்பதை மீற்றர் வைத்துப் பார்த்த பிறகே பெட்டரியைப் போடுங்கள்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் பவர் ஏத்தலாமா?" என்று பொடியன்மார் கேட்பார்கள். வேண்டாம் தம்பி. ஒற்றைப் பெட்டரி டோர்ச்சுக்குச் சாதாரணமாக 3 வோல்ட் பொட்டுதான். அதே உருவத்தில் 6 வோல்ட்டும் 12 வோல்ட்டும் விற்கிறார்கள், கேட்டு வாங்கவேண்டும். கரண்டைக் கூட்டினால் தலைமேல் சூடு ஏறும், பெட்டரியும் சீக்கிரம் இறங்கும். 18650 என்கிற லித்தியம் பெட்டரியில் 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல பெட்டரியே 3500 மில்லி அம்பியர் மணி அளவுதான். மேலுறை கிழிந்ததைப் பாவிக்க வேண்டாம். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். நம் காம்பராக்கள் ஒரே கூரைக்குக் கீழே இருப்பவை. ஒன்றில் பற்றினால் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பனித்துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகிற வெளிச்சம் நேரே கண்ணுக்கே திரும்பி வருவதால்தான் வெள்ளைச் சுவர் மாதிரித் தெரிகிறது. பனி இறங்கினால் டோர்ச்சை நெற்றியிலிருந்து கழற்றி இடுப்பளவில் பிடியுங்கள், பாதை தெரியும்.

எல்லாம் பூட்டியபின் இருட்டில் லயச் சுவரிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி நின்று அடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பொட்டு நடுவில் இல்லை. நடுவில் கறுப்பாக ஓட்டை மாதிரித் தெரிந்தால் கிண்ணத்தின் உயரம் சரியில்லை. வேறு கனத்தில் ஒரு வளையம் போட்டுப் பாருங்கள். கழற்றிய பழைய கிண்ணத்தை எறிந்துவிட வேண்டாம். இரவில் மலையைச் சுற்றுகிற வாச்சருக்குத் தூர வெளிச்சம்தான் தேவை.